நனைத்த நெற்றிப்பட்டி வெப்ப அதிர்ச்சியைத் தடுக்காது

அண்ணை, பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வெய்யிலில் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் நனைத்த நெற்றிப்பட்டி கட்டினால் மூளை குளிர்ந்திருக்கும், ஹீட் ஸ்ட்ரோக் (வெப்ப அதிர்ச்சி) வராது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அது சரியில்லை. இதை நம்பி ஒரு பிள்ளை கூடுதலாக இரண்டு சுற்று ஓடிவிடக்கூடாது என்பதுதான் என் பயம்.

வெப்ப அதிர்ச்சியில் உடம்பின் உள்வெப்பநிலை 40 பாகை செல்சியஸையும் தாண்டிப் போகும். ஓடும்போது அந்தச் சூடு தசைகளில் உண்டாகி இரத்தத்தோடு உடம்பெங்கும் பரவுகிறது. வளர்ந்த ஒருவருக்குத் தலையும் கழுத்தும் சேர்ந்தே உடற்தோலில் ஏறத்தாழ 9 வீதம்தான். பட்டி மூடுவது அதிலும் நாலு விரல் அகலம். எங்கள் கடற்கரைக் காற்றின் ஈரப்பதனில் வியர்வையே மெதுவாகத்தான் உலரும்; நனைத்த பட்டியும் அப்படித்தான், அதனால் பெரிதாகக் குளிர்விக்காது. பட்டி வியர்வை கண்ணுக்குள் இறங்காமல் பிடிக்கும், நெற்றிக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். அதற்காகத் தாராளமாகக் கட்டலாம்.

சரிபார்ப்பது சுலபம். எந்த முதலுதவிக் கையேட்டிலும் வெப்ப அதிர்ச்சிப் பகுதியை எடுத்துப் பாருங்கள்: நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுவதையும் தண்ணீரால் நனைத்து, விசிறி, உடனே வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லியிருக்கும். அந்த 9 வீதக் கணக்கு, தீக்காயம் உடம்பில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளக்கப் பயன்படுவதால், பெரும்பாலும் தீக்காயப் பகுதியில் இருக்கும். பாடசாலையில் சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பின் முதலுதவிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தால் அவரிடமும் கேட்கலாம். முடிந்தால் உங்கள் பதிவையும் திருத்திவிடுங்கோ அண்ணை.