அடம்பங்கொடி குப்பை இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நெல்லை மாவட்டத்து உவரியிலிருந்து கூடுதாழைப் பக்கமாகக் கரையோரமாகவே நடந்தேன். ஐப்பசி கடைசி. ராத்திரி பெய்த மழையில் மணல் இறுகிக் கிடந்தது, கால் புதையவில்லை.

அலை இறங்குகிற ஈரத்தில் பட்டாணி உப்புக்கொத்திகள், சின்னக் கரைப்பறவைகள், முப்பது நாற்பது இருக்கும். குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். நிற்கிற நேரத்தில் மணலோடு மணலாகிவிடும், கண்ணை எடுத்தால் அப்புறம் தேடத்தான் வேண்டும். இதில் மங்கோலியப் பட்டாணி உப்புக்கொத்தி இமயமலைக்கு அப்பாலிருந்து வருகிறது, மைனா அளவுகூட இராது. கூந்தன்குளத்துக்கு வருகிற பட்டைத்தலை வாத்தை வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம், 1994இல் அந்தக் குளம் பறவைகள் சரணாலயமும் ஆகிவிட்டது, ரொம்ப சந்தோஷம். அதே போலப் பறந்து வந்து நம் கடற்கரையில் இறங்குகிற இந்தச் சின்ன உயிரைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

கொஞ்சம் மேலே ஏறினால் அடம்பங்கொடி. ஊதாப்பூ அப்போதுதான் விரிந்திருந்தது. இலை நுனியில் பிளந்து ஆட்டுக் குளம்பு மாதிரி இருக்கும்; சங்கப் பாட்டில் மானின் குளம்பு என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு கொடியை லேசாகத் தூக்கிப் பார்த்தேன், கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்திருந்தது. பக்கத்திலேயே ராவணன் மீசைப் புல். அதன் முள் உருண்டை காற்றில் உருண்டு வந்து கொடியில் சிக்கி நின்றது. சின்ன வயதில் இதை ஓடவிட்டுப் பந்தயம் வைப்போம்.

காற்று அள்ளிக்கொண்டு வருகிற மணல் இந்தச் செடிகளில் தட்டித்தான் கீழே விழுகிறது. மணல் மூட மூடச் செடி அதற்கு மேலே வளர்கிறது, மேடு அப்படித்தான் உயருகிறது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி ஒரே வரியில் சொன்னார்: “தம்பி, இந்தக் கொடியிலதான் மணலு நிக்கு, இதைப் புடுங்குனா அம்புட்டும் வீட்டுக்குள்ள வந்துரும்லா.”

போன வருஷம் எங்களுக்குப் பக்கத்து ஊர்க் கரையில் அதைத்தான் செய்தார்கள். கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று ஜேசிபியை இறக்கி, கொடி, புல், ஓரத்தில் நின்ற தாழை எல்லாவற்றையும் குப்பையோடு குப்பையாக வாரிவிட்டு சிமெண்டுக் கல் பதித்து பெஞ்சு போட்டார்கள். ஆனி ஆடிக் காற்றில் பெஞ்சு பாதி புதைந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. குப்பை என்றால் பாலிதீன் பையும் அறுந்த நைலான் வலையும்தான், அதை அள்ளுங்கள், நானும் வருகிறேன். வேர் விட்டு நிற்கிறதை ஏன் பிடுங்க வேண்டும்? கடற்கரையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லுகிற மத்திய அரசின் 2019ஆம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே மணல்மேடுகளை மிகவும் பாதுகாக்க வேண்டிய முதல் வகையில்தான் வைத்திருக்கிறது.

திரும்பி வரும்போது அந்தக் கரைக்கும் போனேன். உப்புக்கொத்தி ஒன்றையும் காணவில்லை, நாய்கள்தான் படுத்திருந்தன. ஆனால் சிமெண்டுக் கல் முடிகிற ஓரத்தில், இந்த மழைக்கு, ஒரு முழ நீளத்துக்கு அடம்பு திரும்பவும் ஓடியிருக்கிறது. ஐந்தாறு இலைதான். அடுத்த தடவை வண்டி வருவதற்குள் அந்த ஊர்க்காரர்கள் யாராவது பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், கூட வர நான் தயார்.