மாத்திரை அட்டைதான் முதல் பாடப்புத்தகம்

எழுத்தறிவு மையத்துக்கு ஒரு டாக்டரைக் கூட்டிவந்து சர்க்கரை நோய் பற்றி அரை மணி நேரம் பேசவைத்து, போட்டோ எடுத்து, டீ கொடுத்து அனுப்பிவிட்டால் கல்வித்துறையும் சுகாதாரத்துறையும் கைகோத்துவிட்டதாக அறிக்கை போய்விடுகிறது. இதை என்னால் கூட்டு வேலை என்று ஒத்துக்கொள்ள முடியாது. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் அம்மாவின் கையில் இருக்கும் மாத்திரை கவரை அவரால் படிக்க முடியவில்லை என்றால் அந்தப் பேச்சு எதற்கு?

தமிழ்நாட்டில் இரண்டு பக்கமும் ஆள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2022 முதல் 2027 வரைக்குமான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயது நிரம்பிய, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் 200 மணி நேரம் சொல்லித்தருகிறார்கள். அதன் பாடத்திலேயே உடல்நலமும் உண்டு. அந்த 200 மணி நேரத்தில் ஒரு 20 மணி நேரத்தை மாத்திரை அட்டைக்கு ஒதுக்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அதற்கும் முன்னால் கண். நாற்பதைத் தாண்டினாலே கிட்டப் பார்வை மங்கும். ‘எனக்கெல்லாம் படிப்பு ஏறாதுப்பா’ என்று பாதியில் நின்றுவிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை என்று யாராவது பார்த்தோமா? வகுப்பு தொடங்கும் முதல் வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தின் கண் பரிசோதகர் மையத்துக்கு வரவேண்டும். மாத்திரை அட்டையின் எழுத்து பாடப்புத்தக எழுத்தைவிடப் பொடிசு.

இனி மருந்துச் சீட்டு. காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று என்பதற்காக 1-0-1 என்று எழுதியிருப்பதை, இப்போதுதான் எண் கற்றவர் ‘நூத்தியொண்ணு’ என்று படிப்பார். அவர் மேல் தப்பில்லை, நாம் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தோம்? 1/2 இன்னும் மோசம். அரை மாத்திரை என்பது ‘ஒண்ணு, இல்லாட்டி ரெண்டு’ ஆகிவிடும். சூரியன், நிலா படம் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். பாதிச் சூரியன் காலையா, சாயங்காலமா? உதிப்பதும் மறைவதும் படத்தில் ஒரே மாதிரிதான்.

மூன்று டம்ளர் வையுங்கள்: காலை, மதியம், ராத்திரி. சீட்டில் உள்ளபடி கொண்டைக்கடலையைப் போடச் சொல்லுங்கள். அரைக்கு உடைத்த கடலை. நான்கைந்து வகுப்பில் கை தானாகப் பழகிவிடும்.

நிறத்தை நம்பவைப்பதுதான் பெரிய ஆபத்து. ‘வெள்ளை காலைல, மஞ்சள் ராத்திரி’ என்று கவுன்ட்டரில் சொல்லி அனுப்புகிறார்கள். மருந்து தயாரிக்கும் கம்பெனி மாறினால் அதே மருந்து வேறு நிறத்தில், வேறு அளவில் வரும். பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு, பயந்து இரண்டையும் விடுகிறவர்களும் உண்டு. அட்டையில் பெயர் ஆங்கிலத்தில். அதற்காக ஆங்கிலம் கற்கவேண்டியதில்லை. சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் எம், இ, டி என்று தொடங்கும். பிரஷர் மாத்திரை அம்லோடிபின் ஏ, எம், எல் என்று. முதல் மூன்று எழுத்தோடு நிறுத்தக்கூடாது, அதே எழுத்தில் தொடங்கும் வேறு மருந்தும் உண்டு. முழுப் பெயரையும் கோலம் மாதிரி வடிவமாகப் பார்த்துப் பொருத்தினால் போதும். காலாவதித் தேதியும் அப்படித்தான்: அட்டையில் இரண்டு தேதி இருந்தால் பிந்தியதுதான் காலாவதி. எண் தெரிந்தவருக்கு இது ஐந்து நிமிடப் பாடம். ஆனால் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது தேதி உள்ள பக்கமே போய்விடுகிறதே, அதை யார் படிப்பது? இது மருந்தாளுநர் திருத்தவேண்டியது.

இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனி வகுப்பே வேண்டும். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியின் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 100 யூனிட் குப்பியின் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட், ஆள் மயங்கி விழுவார். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்கவைப்பதுதான் பாடம். கோடு எண்ணுவதை நம்பக்கூடாது. ஒரு மில்லி ஆரஞ்சு சிரிஞ்சில் பொதுவாக ஒரு கோடு 2 யூனிட்.

குழந்தைகளின் பாராசிட்டமால் சிரப்பிலும் இதே வம்பு: 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் ஒன்று, 250 இன்னொன்று. பாட்டில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

ஆஸ்பத்திரி பக்கம் செய்யவேண்டியது அதிகமில்லை. காலி அட்டைகளையும் வெற்றுச் சீட்டுகளையும் மையத்துக்குக் கொடுங்கள். ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘ராத்திரிக்கு எதை எடுப்பீங்க, காட்டுங்க’ என்று கேளுங்கள்.

கற்பவரின் சொந்தச் சீட்டை மட்டும் வகுப்பில் விரிக்கவே கூடாது. காசநோய் மாத்திரையோ மனநல மாத்திரையோ சாப்பிடுகிறவர் மறுநாள் வரமாட்டார். தன்னார்வலரும் ‘இந்த மாத்திரை வேண்டாம், அதை நிறுத்துங்க’ என்று வாய் விடக்கூடாது. சந்தேகம் வந்தால் செவிலியருக்கு ஒரு போன், அவ்வளவுதான். நேரமும் முக்கியம்: நூறுநாள் வேலைக்குப் போய் வந்து உலை வைக்கும் நேரத்தில் வகுப்பு வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று புலம்பாதீர்கள்.

பலன் தெரிய பரீட்சை மார்க்கைப் பார்க்கவேண்டாம். அடுத்த மாதம் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் அதே மூன்று டம்ளரை வீட்டில் வைத்து, இந்த முறை நிஜ மாத்திரையைப் போட்டுக் காட்டச் சொல்லட்டும். எந்த இடத்தில் கை தயங்குகிறது என்பதை மட்டும், பெயர் இல்லாமல், மையத்துக்குச் சொல்லட்டும். அரையிலா, பூஜ்யத்திலா, தேதியிலா? மறுவார வகுப்பு அங்கிருந்து தொடங்கலாம்.