பாசிக்குக் கிலோக் கணக்கு வேண்டாம்

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, காய்ந்த சுருள்பாசித் (ஸ்பைருலினா) தூள் அரை ஸ்பூன் போட்டுக் கலக்கி, ராத்திரி முழுக்க அப்படியே வைத்துவிடுங்கள். காலையில் தூள் அடியில் படிந்திருக்கும், மேலே தெளிந்த தண்ணீர் நீலமாக நிற்கும். நாம் போட்டது கரும்பச்சைத் தூள், வந்தது மயில்கழுத்து நீலம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெயில் படுகிற பக்கத்திலிருந்து பார்த்தால் ஓரத்தில் சிவப்பு மினுங்கும். அந்த நீலத்தின் பெயர் ஃபைகோசயனின். சூரிய ஒளியைப் பிடித்துப் பச்சையத்திடம் ஒப்படைக்கிற புரதம் அது. தண்ணீரில் தனியாக நிற்கும்போது ஒப்படைக்க ஆள் இல்லாததால், பிடித்த ஒளியைச் சிவப்பாக வெளியே விட்டுவிடுகிறது.

சில வருடங்களாக எங்கள் ஊர் மகளிர் குழுவோடு சேர்ந்து சுருள்பாசி வளர்க்கிறேன். படித்தது நுண்ணுயிரியல். தார்ப்பாய் விரித்த ஆறு தொட்டிகள், முழங்கால் அளவுகூட ஆழம் கிடையாது. தண்ணீரில் சோடா உப்பு நிறையக் கரைத்துக் காரத்தன்மையை pH அளவில் பத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்போம். அந்தத் தண்ணீரில் வேறு எதுவும் சுலபத்தில் பிழைக்காது, இது மட்டும் கொழிக்கும். விடிந்ததும் தொட்டித் தண்ணீரை நைலான் துணியில் வடிகட்டுவோம். துணியில் தங்குகிற பச்சை விழுதைப் பிழிந்து, முறுக்கு அச்சில் போட்டு, வலைத்தட்டில் நூல் நூலாகப் பிழிந்து காயவைப்போம்.

முதல் வருடம் மொட்டை மாடியில் சுள்ளென்ற வெயிலில் காயவைத்தோம். சீக்கிரம் காய்ந்தது, பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. வாங்க வந்த வியாபாரி கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்தார். ‘ஈரம் இல்ல, சரி, கிலோவுக்கு இவ்வளவு’ என்றார். அதோடு முடிந்தது. சில மாதம் கழித்துத்தான் மேலே சொன்ன டம்ளர் சோதனையைச் செய்து பார்த்தேன். தண்ணீர் பழுப்பும் மஞ்சளுமாக நின்றது, நீலம் இல்லை. ஃபைகோசயனின் சூடு தாங்காது, 45 டிகிரியைத் தாண்டினாலே சிதைய ஆரம்பிக்கும், நேர் வெயிலும் அதற்கு ஆகாது. அத்தனை மாதமும் அந்தப் பாசியில் இருந்த மிக விலையுயர்ந்த பொருளை நாங்களே மாடியில் எரித்திருக்கிறோம். அது எங்களுக்கும் தெரியவில்லை, வாங்கியவருக்கும் தேவைப்படவில்லை. எடைக்கு எடை காசு என்றால் நீலம் இருந்தால் என்ன, போனால் என்ன?

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். பாசியை வைத்து இந்த நாட்டில் பெரிதாக ஏதாவது நடக்க வேண்டுமென்றால், முதலில் அதைக் கிலோக் கணக்கில் பார்ப்பதை விட வேண்டும். பாசியின் மதிப்பு அதற்குள் இருக்கிற மூலக்கூறில் இருக்கிறது. 2013-ல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் சுருள்பாசிச் சாற்றை மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் நீல நிறமியாக அனுமதித்தது. தின்னக்கூடிய இயற்கை நீலம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நீலத்தைத்தான் மாடியில் காயப்போட்டோம்.

பாசி என்றாலே பலருக்கு நினைவு வருவது பெட்ரோல். பாசியிலிருந்து டீசல், விமான எரிபொருள் என்று எத்தனையோ காணொளிகள் வந்துவிட்டன. அந்தக் கனவுக்கு நீண்ட கதை உண்டு. அமெரிக்க அரசு 1978-லிருந்து 1996 வரை இதற்கென்றே ஒரு திட்டம் நடத்தி, விலை கட்டாது என்று நிறுத்தியது. 2009-ல் எக்ஸான் மொபில் 60 கோடி டாலர் வரை செலவிடுவதாகச் சொல்லி இறங்கியது. 2023 வாக்கில் அதுவும் விலகிக்கொண்டது. மற்ற காரணங்களை விடுங்கள், என் தொட்டிக் கணக்கு ஒன்றே போதும். நன்றாக வளர்ந்த தொட்டியிலேயே ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ ஒரு கிராம்தான் பாசி இருக்கும். ஒரு கிலோ எடுக்க ஆயிரம் லிட்டரை இறைத்து, வடித்து, பிழிந்து, உலர்த்தியாக வேண்டும். அந்த ஒரு கிலோவிலும் எண்ணெய் ஒரு பங்குதான். லிட்டர் நூறு ரூபாய்க்கு விற்கிற பொருளுக்காக இவ்வளவு தண்ணீரையும் மின்சாரத்தையும் கொட்ட முடியுமா? எரிபொருள் என்றால் சரக்கு மலிவாகவும் மலைமலையாகவும் கிடைத்தால்தான் விற்க முடியும். பாசி மலிவாக வராது. அது சின்ன அளவில் அரிய பொருளைத் தருகிற உயிர். அதைப் போய் எண்ணெய்க் கிணறாக நினைத்ததால் முப்பது, நாற்பது வருடம் வீணானது என்றே நான் நினைக்கிறேன். அந்த ஆராய்ச்சியில் கிடைத்த அறிவு வீண் இல்லை, அது வேறு விஷயம்.

அரிய பொருள் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு நம் சமையலறையிலேயே ஓர் உதாரணம் உண்டு. நோன்பு மாதத்தில் எங்கள் தெருவில் பாய் வீட்டிலிருந்து ரோஸ் நிறத்தில் கடற்பாசி வரும். வெட்டி வைத்த துண்டுகள் தட்டில் ஆடும். அதை அப்படி உறைய வைப்பது கடற்பாசியிலிருந்து எடுக்கிற அகர். அதே அகர்தான் உலகம் முழுக்க நுண்ணுயிரியல் கூடங்களில் தட்டுத் தட்டாக ஊற்றப்படுகிறது. 1881 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் கூடத்தில் ஜெலட்டினில்தான் கிருமி வளர்த்துப் பார்த்தார்கள். உடல் சூட்டில் அது உருகிவிடும், சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தான் சமையலில் பயன்படுத்தும் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். ஜாவாவில் வாழ்ந்த டச்சுக் குடும்பத்திடம் அவர் கற்றுக்கொண்ட பக்குவம் அது. அகர் உருக 85 டிகிரி வேண்டும், ஆனால் ஆறும்போது நாற்பதுக்குக் கீழே வந்தால்தான் உறையும். கிருமியும் பெரும்பாலும் அதைத் தொடாது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து காக் 1882-ல் வெளியிட்ட கட்டுரையில் அகர் இடம்பெற்றது. அதையே மேலும் சுத்திகரித்தால் அகரோஸ். டிஎன்ஏவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க மாணவர்கள் தினம் ஊற்றுகிற ஜெல் அதுதான். சரக்கு ஒன்றேதான். தட்டில் ஆடும் இனிப்பு ஒரு விலை, கிருமி வளர்க்கிற அகர் இன்னொரு விலை, அகரோஸ் எங்கோ உயரத்தில் ஒரு விலை. நடுவில் இருப்பது சுத்திகரிப்பு மட்டும்தான்.

இந்த ஏணியின் அடிப் படியில், கழுத்தளவு கடல் தண்ணீரில், நம் பெண்கள் நிற்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பக்கம் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையிலிருந்து பாசி பறிக்கிறவர்கள். அவர்கள் வாயில் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. மரிக்கொழுந்தில் கிடைக்கிற அகர் இறுகி உறையும், கூடத்துக்கு ஏற்றது. கஞ்சிப்பாசியில் வருவது இளக்கமானது, உணவுக்குப் போகும். எது எந்தப் பாறையில், எந்த மாதத்தில் தேறும், எப்போது தொடாமல் விட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிற அறிவு. அவர்களில் ஒருவரான லட்சுமி 2015-ல் சீகாலஜி விருது பெற்றார், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தருகிற விருது அது. ஆனால் கரையில் மூட்டை தராசில் ஏறும்போது அந்த அறிவுக்கு ஒரு ரூபாயும் கூடுவதில்லை. மண் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று கழிக்கத்தான் செய்கிறார்கள்.

வளர்ப்புப் பாசிக்கும் இதே நிலைதான். கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசியை 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் கட்டி, 45 நாளில் அறுவடை செய்கிறார்கள். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் பெப்சி நிறுவனம் இந்தத் தொழிலில் இருந்ததால் அதற்குப் பெப்சி பாசி என்றே பெயர் விழுந்தது. ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை கெட்டிப்படுத்துகிற காரஜீனன் இதிலிருந்துதான் வருகிறது. சில வருடம் நல்ல காசு பார்த்தார்கள். அப்புறம் கடல் சூடாகி 2013-14 வாக்கில் பாசி கூட்டமாகச் செத்தது. இது வெளியூர்ப் பாசி என்பதையும் மறக்கக் கூடாது. குருசடைத் தீவருகே பவளப்பாறைமேல் இது படர்ந்ததை 2008-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எடையைக் கூட்டுவதே குறி என்றால் அடுத்து அடுத்து மிதவைதான் போடுவோம், பவளத்துக்குப் பக்கத்திலும் போடுவோம். கைக்கு வந்த பாசியிலிருந்து கூடுதலாக எடுக்கத் தெரிந்தால் அவ்வளவு கடல் தேவைப்படாது. பாவ்நகரில் இருக்கிற மத்திய உப்பு, கடல்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதில் ஒரு நல்ல வழி காட்டியது. பறித்த பாசியைக் காயவைக்காமல் பிழிந்து சாற்றைப் பயிர் ஊக்கியாக்கலாம், மிஞ்சிய சக்கையில் காரஜீனன் எடுக்கலாம். ஒரே மூட்டையில் இரண்டு வருமானம். நான் சொல்ல வருவது இந்தத் திசையைத்தான்.

சயனோபாக்டீரியா பக்கம் போனால் அளவு இன்னும் சுருங்கும், மதிப்பு இன்னும் ஏறும். நீலப்பச்சைப்பாசி என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும் இவை பாசி இல்லை, பாக்டீரியா. நான் வளர்க்கிற சுருள்பாசியும் இந்த வகைதான். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜனை நிரப்பத் தொடங்கியவை. நெல் வயலில் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருவது இவைதான் என்று விஞ்ஞானி பி.கே.டே 1939-லேயே நிறுவிவிட்டார். நீரில் மிதக்கிற அசோலாச் செடியின் இலைக்குள் குடியிருப்பதும் இந்த இனம்தான். ஆனால் என்னை உலுக்கியது ஒரு புற்றுநோய் மருந்தின் கதை. கடல் முயல் என்று சொல்கிற, வெளியே ஓடு தெரியாத நத்தை ஒன்றிலிருந்து 1987-ல் டோலஸ்டாட்டின் 10 என்ற பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். டன் கணக்கில் நத்தை சேகரித்து மில்லிகிராம் கணக்கில்தான் கிடைத்தது. 2001-ல் பலாவ் தீவில் எடுத்த ஒரு சயனோபாக்டீரியாவில் அதே பொருள் அகப்பட்டது. நத்தை அதைத் தயாரிக்கவில்லை, மேய்ந்த பாசியிலிருந்து சேர்த்து வைத்திருக்கிறது! அந்த மூலக்கூறின் சாயலில் செய்த ஒன்றை எதிர்ப்புரதத்தோடு (ஆன்டிபாடி) கோத்து உருவாக்கிய பிரெண்டுக்சிமாப் வெடோட்டின் என்ற மருந்து, 2011-லிருந்து ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. பாறையில் வழுக்குகிறதே என்று நாம் காலால் தேய்த்துவிட்டுப் போகிற படலத்தில் இப்படி என்னென்ன இருக்கிறதோ.

அதைத் தேட வேண்டுமென்றால் முதலில் எது எந்த இனம் என்று தெரிய வேண்டும். இந்த வேலையில் தமிழ்நாடு பின்தங்கிய இடமே இல்லை. இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். தி.வ. தேசிகாச்சாரி 1959-ல் எழுதிய சயனோஃபைட்டா நூலைப் புரட்டாமல் இந்தத் துறையில் ஒருவர் இனம் காண முடியாது என்கிற காலம் இருந்தது. கடல் சயனோபாக்டீரியாவுக்கென்றே ஒரு தேசிய மையம் 1991-லிருந்து திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கடலோரத்திலிருந்து எடுத்த உயிர்களைக் குடுவைகளில் வளர்த்து, காலம் தவறாமல் புது வளர்ப்புக் கரைசலுக்கு மாற்றி மாற்றி உயிரோடு காப்பது அங்கே நடக்கிற வேலை. வெளியே இருந்து பார்த்தால் வரிசையாகப் பச்சைக் குடுவைகள், அவ்வளவுதான். அவற்றில் ஒன்று செத்தால் ஒரு நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருந்த புத்தகம் எரிந்த மாதிரி. இப்படிப்பட்ட இடங்களுக்குப் பணம் கேட்டால் ‘உடனடிப் பயன் என்ன’ என்று கேட்கிறார்கள். வகைப்பாட்டியல் படிக்கவும் இப்போது பிள்ளைகள் வருவதில்லை, வேலை இல்லை என்கிறார்கள். எனக்கு உண்மையில் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுருள்பாசி விற்கிறவன் என்பதால் இதைச் சொல்கிற கடமை எனக்கு அதிகம். வாட்ஸாப்பில் சுற்றுகிற ‘சர்வரோக நிவாரணி’ விளம்பரங்களை நம்பாதீர்கள். புரதம் உண்டு, எடையில் பாதிக்கு மேலேயே உண்டு. ஆனால் நாம் தின்பது நாளுக்கு ஒன்றிரண்டு ஸ்பூன், அதில் எத்தனை கிராம் வந்துவிடும்? பி12 நிறைய இருக்கிறது என்பார்கள். அதில் பெரும்பகுதி நம் உடல் பயன்படுத்த முடியாத வடிவம். சைவ உணவுக்காரர்கள் இதை நம்பி பி12 மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தொட்டி சுத்தமில்லை என்றால் நச்சு சுரக்கிற வேறு சயனோபாக்டீரியாவும் கலக்கலாம், கன உலோகமும் ஏறலாம். எடை மட்டும் பார்க்கிற சந்தையில் இதையும் யாரும் சோதிப்பதில்லை.

நாங்கள் மாறிவிட்டோம். இப்போது நிழலில், காற்றாடி போட்டுக் காயவைக்கிறோம். ஒரு நாள் கூடுதலாக ஆகிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் டம்ளர் வைத்து, காலையில் நீலம் இறங்கியிருக்கிறதா என்று குழுத் தலைவி அக்கா பார்த்துவிட்டுத்தான் பையைக் கட்டச் சொல்வார். வருடத்தில் சில முறை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஃபைகோசயனின் எத்தனை சதவீதம், ஈயம் உண்டா என்று எழுதி வாங்கிப் பையோடு சீட்டாக வைக்கிறோம். பழைய வியாபாரி வருவதில்லை. சீட்டைப் படித்துவிட்டு விலை பேசுகிறவர்கள் இரண்டு பேர் வருகிறார்கள்.

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 127 கோடி ரூபாய்த் திட்டம். அதை நடத்தப் போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாற்றுப்பண்ணை கட்டுங்கள், கிடங்கு கட்டுங்கள், அதோடு கரையில் இருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடமும் திறந்து வையுங்கள். மரிக்கொழுந்து மூட்டையோடு வருகிற அக்கா ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தால், அதில் அகர் எவ்வளவு, அது எவ்வளவு இறுகி உறைகிறது என்று தமிழில் எழுதிய ஒரு சீட்டு அன்று மாலைக்குள் அவர் கையில் இருக்கட்டும். மூட்டை தராசில் ஏறுவதற்கு முன்னால் அந்தச் சீட்டை அவர் வியாபாரியிடம் நீட்டட்டும்.