தாய்மார்தான் கோப்பு, தாய்மார்தான் தபால்

வன்னியில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு வைத்தியமே கிடையாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிளினிக் இருக்கிறது, காசும் கேட்பதில்லை. ஆனால் ஒரு கிளினிக்கில் நடந்தது அடுத்த கிளினிக்குக்குத் தெரியாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பிள்ளையின் தாய். (அப்பாமார் எங்கே என்று கேட்காதீர்கள், அது தனிப் பதிவு.)

அக்காவின் மகனுக்கு மூளை முடக்குவாதம். கை கால் இயங்காததோடு அது நிற்பதில்லை, இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேருக்கு வலிப்பும் வரும், விழுங்கக் கஷ்டம், பார்வை, இடுப்பு மூட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வைத்தியர், ஒவ்வொரு திகதி. புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வந்து ஏ9 வீதி பிடித்து, கழுத்து நிற்காத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வர வேண்டும். கொழும்புக்கு எழுதிவிட்டால் 300 கிலோமீற்றருக்கு மேல், அங்கே போனால் சிங்களமும் வேண்டும்.

ஓரிடத்தில் வலிப்புக்குக் கொடுக்கிற வால்ப்ரோயேட் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். இன்னோரிடத்தில் பழைய டயக்னோசிஸ் கார்ட்டை (வைத்தியசாலையில் நோயையும் மருந்தையும் எழுதித் தரும் அட்டை) பார்த்துப் பழைய அளவையே எழுதினார்கள். "அம்மா, போன முறை என்ன மாத்தினவை?" என்று நர்ஸ் மிஸ் கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. அக்கா மருந்துத் துண்டை வாசித்துப் பார்த்ததால் தப்பியது. பிள்ளையின் நிறைக்கேற்ப அளவிடுகிற மருந்து அது, திடீரென்று குறைத்தால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம். வாசிக்கத் தெரியாத தாய் என்ன செய்வாள்?

போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், ஊரில் இருக்கிற பிரதேச வைத்தியசாலை மாகாணத்தின் கீழ். இரண்டுக்கும் நடுவில் விழுகிற பிள்ளை யாருடைய பொறுப்பு?

புதிதாக ஒரு திட்டம், பெயர்ப்பலகை, திறப்பு விழா எல்லாம் வேண்டாம். வீடு வீடாகப் போகிற குடும்பநல உத்தியோகத்தர் ஏற்கனவே இருக்கிறார், அந்தப் பிள்ளையை அவருக்குத்தான் முதலில் தெரியும். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பட்டியலும், பொறுப்பாக ஒரேயொரு ஆளும் இருக்கட்டும். கிளினிக் திகதிகளை ஒரே நாளில் போடச் சொல்லிக் கேட்க, மருந்து மாறினால் மற்ற இடத்துக்கு அறிவிக்க, ஒரு தொலைபேசி போதும். ஆள் பற்றாக்குறை என்பீர்கள். சரி, 2022க்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆள் குறைவென்றால் ஒரே பிள்ளையை நான்கு இடத்தில் முதலிலிருந்து விசாரிப்பது இன்னும் நட்டம் அல்லவா?

அதுவரைக்கும் தாய்மாருக்கு ஒன்று: மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, பிள்ளையின் கடைசி நிறை, மாற்றிய திகதி, நான்கையும் ஒரு தாளில் எழுதிப் போனில் படம் எடுத்து வையுங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் கேட்கும் முன்பே காட்டுங்கள்.