ஒரு ஸ்டிக்கருக்கு இவ்வளவு அக்கப்போரா?

இன்று காலை என் பெயரைக் கிழித்துவிட்டார்கள்.

கிழித்தவர் விடுதியின் கேர்டேக்கர். கிழிபட்டது, தபால் பெட்டியின் மேல் நான் வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, செலோடேப் போட்டு, ஓரமெல்லாம் நகத்தால் தேய்த்துத் தேய்த்து ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டு. எட்டு மணியாகியும் சரியாக விடியாத கோபன்ஹேகன் பிப்ரவரியில், கையுறையைக் கழற்றி விரல் மரத்துப்போக ஒட்டியது. ஒரு நாள்கூட முழுசாக இருக்கவில்லை. உரித்த இடத்தைத் துணி வைத்துத் துடைத்தும் இருக்கிறார்கள். பசை அடையாளம்கூட இல்லை. அவ்வளவு சுத்தம்.

உரித்ததோடு விடவில்லை. அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தார்கள். "கட்டடம் முழுவதும் பெயர்ப் பட்டைகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கையால் எழுதியவை அகற்றப்படும். இனிய நாளாக அமையட்டும்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை வேறு. அந்தச் சீட்டை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? என் தபால் பெட்டிக்குள். பெயர் இல்லாததால் எதையுமே போட முடியாது என்று எல்லாரும் சாதிக்கிறார்களே, அதே பெட்டிக்குள்!

மாணவர் எக்ஸ்சேஞ்சில் இங்கே வந்தவர்களுக்கு சிபிஆர் என்ற குடியிருப்போர் அடையாள எண் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1968-இல் கொண்டுவந்த ஏற்பாடு. பத்து இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி, ஆணாக இருந்தால் கடைசி எண் ஒற்றைப்படை. அது கிடைக்கும்வரை நீங்கள் மூச்சு விடலாம், பனியில் வழுக்கி விழலாம், மற்றபடி இந்த நாட்டில் நீங்கள் இல்லை. அதையும் வாங்கிவிட்டேன். வதிவிட அனுமதி, வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் வரிசை எண் கிழித்து உட்கார்ந்து, அங்கிருந்த அம்மையார் புன்னகையோடு எண்ணைக் கொடுத்தபோது கண் கலங்கியதுகூட உண்மை. "மஞ்சள் அட்டை தபாலில் வந்துவிடும். பெட்டியில் பெயர் இருக்கட்டும்" என்றார். மஞ்சள் அட்டை என்பது அந்த எண்ணை அச்சிட்ட மருத்துவ அட்டை. பல்கலைக்கழக அறிமுக நாளில் காட்டிய ஸ்லைடிலும் இதே வரி இருந்தது. மழைக்கோட்டு வாங்குங்கள், பழைய சைக்கிள் ஒன்று வாங்குங்கள், தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். ஏதோ மூன்றும் ஒரே கடையில் கிடைப்பது மாதிரி எழுதியிருந்தார்கள்.

தபால் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் அரசுத் தபால் சேவை தொடங்கியது 1624-இல். நானூறு வருஷம் நடத்திவிட்டு, போதும்டா சாமி, இனி யாரும் கடிதம் எழுதுவதில்லை என்று போஸ்ட்நோர்ட் 2025 டிசம்பரோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. தெருவோரத்தில் நின்ற 1,500 சிவப்புத் தபால் பெட்டிகளையும் பிடுங்கிவிட்டார்கள். கடிதமே வேண்டாம் என்று முடிவு கட்டிய நாடு, என்னுடைய ஆக முக்கியமான அட்டையை மட்டும் கடிதமாகத்தான் அனுப்புகிறது. இப்போது கடிதம் கொண்டுவரும் தனியார் ஆள் வந்தார், பார்த்தார், பெட்டியில் பெயர் இல்லை, போய்விட்டார். அட்டை ஏன் திரும்பிப் போனது என்ற விவரம் டிஜிட்டல் போஸ்ட் என்ற அரசு இணையத் தபால் பெட்டியில் இருக்கிறதாம். டிஜிட்டல் போஸ்ட்டைத் திறக்க மிட்-ஐடி என்ற மின் அடையாளம் வேண்டும்.

மிட்-ஐடி. சொல்லும்போதே பல் கூசுகிறது.

சரி, கேர்டேக்கர் கதைக்கு வருகிறேன். அவர் அறை திங்கள் முதல் வியாழன்வரை, காலை எட்டிலிருந்து ஒன்பது வரை திறந்திருக்கும். அதே நான்கு நாளும் எட்டேகாலுக்கு எனக்கு வகுப்பு. (கால அட்டவணையில் எட்டு என்று போட்டிருப்பார்கள், எட்டேகாலுக்குத்தான் தொடங்கும். அந்தக் கால்மணி நேரம் கல்வி உலகின் மரபாம். டென்மார்க்கில் நான் பார்த்த ஒரே தாராளம் அதுதான்.) முதல் தடவை போனபோது கதவில் "ஹீட்டர் சரிசெய்யப் போயிருக்கிறேன்" என்று ஒரு பட்டை. அடுத்த தடவை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனேன். ஆள் இருந்தார். நல்ல மனிதர். அதுதான் வயிற்றெரிச்சல். "சார்" என்றேன், கூசிப்போய்விட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என் அப்பாவைவிட இரண்டு வயது கூட இருப்பார். எனக்கு வாய் வரவில்லை. ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே பேசினேன்.

"தபால் பெட்டிக்குப் பெயர்ப் பட்டை வேணும்."

"அது ரொம்ப சுலபம். குடியிருப்போர் இணையதளத்தில் ஆர்டர் போடு."

"அதுக்குள்ள போக மிட்-ஐடி கேக்குது."

"ஆமாம், மிட்-ஐடி போட்டு உள்ளே போ."

"எனக்கு இன்னும் மிட்-ஐடி இல்லை."

"ஓ, அதுவும் சுலபம். ஆப்பில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணு. உள்ளே இருக்கும் சிப்பைப் போன் படித்துக்கொள்ளும்."

"என் பாஸ்போர்ட்டில் சிப் கிடையாது."

இங்கேதான் முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு சலனம். பாஸ்போர்ட்டை வாங்கினார். முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார், ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துத் தடவினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிப் எங்காவது வெட்கப்பட்டு ஒளிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அட்டையிலிருந்த சிங்கங்களைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, "அழகான பாஸ்போர்ட்" என்று திருப்பிக் கொடுத்தார்.

"அப்படியானால் நேரில் போக வேண்டும். ஆன்லைனில் நேரம் பதிவு செய். சுலபம்."

"பதிவு பண்ணிட்டேன். மாசக் கடைசியிலதான் நேரம் கிடைச்சிருக்கு."

"நல்லது, அப்போது சரியாகிவிடும்."

நல்லதாம்! இதற்குள் நான் அவர் மேசையைப் பார்த்துவிட்டேன். மேசை மேலேயே இருக்கிறது, பட்டை அடிக்கும் அந்தச் சின்ன மெஷின். கறுப்பு எழுத்து, வெள்ளைப் பட்டை, கட்டடம் முழுக்க ஒட்டியிருக்கும் அதே ரகம். அதில் அடித்த பட்டை ஸ்டேப்ளர் மேல் ஒட்டியிருந்தது. சாவிப் பெட்டி மேல் ஒட்டியிருந்தது. அவருடைய காபிக் கோப்பைக்குக்கூடப் பெயர் இருந்தது. அந்த அறையில் பெயர் இல்லாத ஒரே ஜீவன் நான்தான்.

"இந்த மெஷின்லயே என் பேரை அடிக்க முடியுமா?"

"முடியுமே."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து விநாடி."

"அப்ப இப்பவே ஒண்ணு அடிச்சுத் தர முடியுமா?"

"ஆர்டர் வந்தால் உடனே அடித்துவிடுவேன்."

கெஞ்சினேன். நம் ஊர்க் கெஞ்சல், "கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" ரகக் கெஞ்சல், தலையைச் சாய்த்து, குரலைக் குழைத்து. அதற்கு இங்கே மதிப்பே இல்லை. அவர் உண்மையான இரக்கத்தோடு கேட்டார், தலையாட்டினார், சரியாக ஒன்பது மணிக்கு எழுந்து கதவைப் பூட்டினார். ஒருத்தராவது என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். யாரும் கோபப்படுவதே இல்லை. எல்லாரும் அன்பாக மறுக்கிறார்கள்.

அட்டை வர பட்டை வேண்டும், பட்டைக்கு மிட்-ஐடி வேண்டும், மிட்-ஐடிக்குச் சிப் வேண்டும். மஞ்சள் அட்டையையே போனில் காட்ட ஓர் ஆப் இருக்கிறதே என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். இருக்கிறது. உள்ளே நுழைய மிட்-ஐடி. செக்குமாடாவது சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் எண்ணெய் எடுக்கும்.

இத்தனைக்கும் இது எப்படிப்பட்ட ஊர்? கைக்குழந்தையைத் தள்ளுவண்டியோடு காபிக்கடை வாசலில், அந்தக் குளிரில் தூங்கவிட்டு உள்ளே போய் நிதானமாகக் கேக் சாப்பிடும் ஊர். கிராமப்புறம் போனால் சாலையோரத்தில் முட்டை, தேன், உருளைக்கிழங்கு வைத்திருப்பார்கள். விற்க ஆளே இருக்காது. காசைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். யாரையும் நம்புவார்கள். என் பெயர் என் பெயர்தான் என்பதை மட்டும் நம்ப மாட்டார்கள். அப்புறம் அந்த முட்டைப் பெட்டியில் காசு கட்டவும், போனிலேயே பணம் அனுப்பும் மொபைல்பே ஆப்பின் எண்தான் எழுதியிருக்கும். மொபைல்பேக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். வேண்டாம், கேட்காதீர்கள்.

அம்மாவிடம் போனில் புலம்பினேன்.

"ஏன்டா, ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிட வேண்டியதுதானே?"

"ஒட்டினேன்மா. கிழிச்சிட்டாங்க."

"யாரு?"

"கேர்டேக்கர்."

"நீ அவர்கிட்ட மரியாதையாப் பேசினியா?"

பாருங்கள், சந்தேகம் யார் மேல் வருகிறது என்று! அதோடு, பெட்டியில் அப்பா பெயரும் வர வேண்டும் என்றேன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதால் அவர் பெயர்தான் இங்கே எனக்குக் குடும்பப் பெயர். அரசாங்கக் கடிதமெல்லாம் அவர் பெயரும் சேர்ந்துதான் வரும். அம்மா சிரித்த சிரிப்பு நிற்கவில்லை. "இங்க இருக்கிற வீட்டு வாசல்லயே அந்த மனுஷன் பேர் இல்ல. அங்க டென்மார்க்ல போர்டு மாட்டப் போறியா?"

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணனை நினைத்துக்கொள்கிறேன். ஐந்து ரூபாய்க்கு என் பெயரை எந்த எழுத்துருவில் வேண்டுமானாலும் அடித்து, லேமினேஷன் போட்டு, மூலையை வளைத்து வெட்டிக் கொடுப்பார். யார் நீ என்று கேட்க மாட்டார். சில்லறை இருக்கா என்று மட்டும் கேட்பார்.

விடுதிச் சமையலறை தனிக் கதை. பொதுச் செலவுக்கு, அதாவது பாத்திர சோப்பு, குப்பைப் பை, எண்ணெய் வகையறாவுக்கு, ஆளுக்கு 50 குரோனர். மொபைல்பேயில் போட்டுவிடு என்றாள் கணக்குப் பார்க்கும் பெண். ரொக்கமாகக் கொடுத்தேன். வாங்கியவள் அதை வைக்க இடமில்லாமல் மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் செருகினாள். மறுநாள் குழுவில் செய்தி வருகிறது, இன்னும் பணம் கட்டாதவர்கள் பட்டியலில் என் பெயர். அங்கே மட்டும் என் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறது! அந்தப் பட்டியலைத்தான் அச்சடித்துத் தபால் பெட்டி மேல் ஒட்ட வேண்டும்.

ரொக்கம் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் மாமா ஒருத்தர் இருக்கிறார். எப்போதோ ஆபீஸ் வேலையாக டென்மார்க் வந்தவர், அப்போது மிஞ்சிய ஒரு 1000 குரோனர் நோட்டைப் பத்திரமாக டைரிக்குள் வைத்திருந்து, நான் கிளம்பும்போது விபூதியோடு கையில் வைத்து அழுத்தினார். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். இங்கே கடையில் நல்ல ஜெர்க்கின் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்து, சங்கிலியெல்லாம் இழுத்துவிட்டு, கல்லாவில் நோட்டை நீட்டினேன். அந்தப் பெண் அன்பாக, ரொம்ப அன்பாக, "இது செல்லாது. 2025 மே 31-ஓடு முடிந்துவிட்டது" என்றாள். 1000 குரோனர் நோட்டையே ஒழித்துவிட்டார்களாம். 2016 நவம்பரில் பழைய ஆயிரம் ரூபாய்த் தாள்களோடு வங்கி வாசலில் பாதி நாள் நின்று, அரசாங்கத்தை வாய்க்கு வந்தபடி திட்டிய அதே மாமா. மனுஷனுக்கு இரண்டு நாட்டிலும் ஆயிரம் ராசியில்லை. கல்லா முன்னாலேயே சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவளும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

ஜெர்க்கினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாமா தினமும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார், "ஜெர்க்கின் வாங்கிட்டியா மாப்ளே? போட்டுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்பு." பக்கத்து அறைப் பையனிடம் இரவல் கேட்டிருக்கிறேன்.