தொப்பியைத் திருப்பிக் கொடுத்ததில் என்ன தவறு?

அந்தக் காணொளியை இதற்குள் அனைவரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் நடந்ததை விரிவாக எழுதப் போவதில்லை. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினருக்காக அமெரிக்காவில் கொண்டாடப்படும் ஹிஸ்பானிய மரபு மாதத்தின் தொடக்க நாளன்று, கலிஃபோர்னியாவில் உள்ள எங்கள் பல்கலைக்கழக உணவுக்கூடத்தின் வாசலில் படம் எடுத்துக்கொள்வதற்கென்று அடுக்கி வைத்திருந்த சொம்ப்ரேரோ எனும் அகல விளிம்பு மெக்சிக்க வைக்கோல் தொப்பிகளையும், குச்சியில் ஒட்டிய காகித மீசைகளையும் ஒரு மாணவி அள்ளிக்கொண்டு போய் மாணவர் நல அலுவலகத்தின் மேசைமீது வைத்துவிட்டு வந்தார். கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. அந்தக் காணொளியின் கீழே அமெரிக்கத் தமிழர்களான நம்மவர்கள் எழுதியிருப்பவற்றைத்தான் சில நாட்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். "ஒரு தொப்பிக்கா இவ்வளவு?" என்கிறார் ஒருவர். "ஓசியில் டாக்கோ கிடைத்தால் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்கிறார் இன்னொருவர். அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் பாதிப்பேர் என் நண்பர்கள், என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வருகிறேன்; அதையே திரும்பத் திரும்பச் சொல்லவும் போகிறேன். மரபு மாதம் என்பது பல்கலைக்கழகம் மனமிரங்கிப் போடும் விருந்து அல்ல. அது கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவர்கள் சாப்பாட்டைக் கேட்கவில்லை; பாடத்தைக் கேட்டார்கள், ஆசிரியரைக் கேட்டார்கள், வகுப்பறையில் இடத்தைக் கேட்டார்கள்.

1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து மெக்சிக்க வம்சாவளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறித் தெருவுக்கு வந்தார்கள். ஸ்பானிய மொழி பேசினால் தண்டனை, படித்தது போதும் கைத்தொழில் பழகு என்ற அறிவுரை, பாடப்புத்தகத்தில் தங்கள் முன்னோரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத நிலை ஆகியவற்றை எதிர்த்து அவர்கள் தந்த கோரிக்கைப் பட்டியலில் இரு மொழிக் கல்வி இருந்தது, மெக்சிக்க அமெரிக்க வரலாறு இருந்தது, தங்கள் சமூகத்திலிருந்து ஆசிரியர்கள் வேண்டும் என்பது இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில்தான், லாஸ் ஏஞ்சலஸின் காங்கிரஸ் உறுப்பினர் எட்வர்ட் ராய்பல் முன்னெடுத்த தீர்மானத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட, ஹிஸ்பானிய மரபு வாரம் சட்டமாயிற்று. 1988இல் அது செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரையிலான மாதமாக விரிந்தது. மாதத்தின் நடுவில் தொடங்குவதைக்கூட ஒரு நண்பர் கேலி செய்திருந்தார். குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா ஆகிய 5 நாடுகளும் 1821இல் விடுதலையை அறிவித்த நாள் செப்டம்பர் 15. மறுநாள் மெக்சிக்கோவின் விடுதலை நாள். ஆகஸ்ட் 15இல் கொடியேற்றி மிட்டாய் வாங்கி வளர்ந்தவருக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

கல்லூரிகளிலும் இதே கதைதான். லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா மாநிலக் கல்லூரியில் 1968இல் மெக்சிக்க அமெரிக்க ஆய்வுத் துறை தொடங்கியதும், சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), ஆசிய மாணவர்கள் சேர்ந்து மாதக்கணக்கில் நடத்திய வேலைநிறுத்தத்தின் முடிவில் 1969இல் இனக்குழு ஆய்வுகளுக்கென்று தனிக் கல்லூரி உருவானதும் யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தவை அல்ல. இந்த வரலாற்றின் பேரில் வருகிற மாதத்தைத்தான் எங்கள் நிர்வாகம் காகித மீசையாகச் சுருக்கியது.

"மரியாச்சி இசைக்கலைஞர்கள் அதே தொப்பியைத்தானே அணிகிறார்கள்?" என்று ஒருவர் பெரிய கண்டுபிடிப்பைப் போலக் கேட்டிருந்தார். ஆமாம், அந்த மெக்சிக்க மரபிசைக் குழுவினர் அணிகிறார்கள். ஆண்டுக்கணக்கில் வாத்தியம் பழகி, வெள்ளி வேலைப்பாடு செய்த உடையோடு மேடையேறும் கலைஞரின் தலையில் இருப்பது ஒன்று. விருந்துச் சாமான் கடையில் மொத்தமாக வாங்கி, யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு நாக்கை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ள வைப்பது வேறொன்று. இதை விளக்க வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இதே நண்பர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

எப்படித் தெரியும் என்றும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே வளாகத்தின் சர்வதேச நாளில், பொங்கல் பற்றிச் சொல்லத் தமிழ் மாணவர்கள் ஒரு மேசை கேட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மேசையில் ஒரு பிளாஸ்டிக் யானை, இரண்டு ராஜஸ்தானித் தலைப்பாகைகள், பொட்டு ஒட்டும் அட்டை, பின்னணியில் இந்திப் பாட்டு. பிள்ளைகள் தாங்களே எழுதிக் கொண்டுவந்த விளக்கப் பலகைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவு நம் குழுக்களில் எத்தனை பதிவுகள்! இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம், கீழடி, செம்மொழி என்று ஒன்றையும் விடவில்லை. "எங்களை யானையும் பொட்டுமாகப் பார்க்காதே" என்று எழுதி நூறு பேரிடம் விருப்பக்குறி வாங்கியவர்தான் இன்று "ஒரு தொப்பிக்கா இவ்வளவு?" என்று கேட்பவர். நம் யானை என்றால் அவமானம், அவர்கள் தொப்பி என்றால் வேடிக்கை.

ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டினோமே, அது எதற்காக? ஆண்டுக்கு ஒரு நாள் அங்கே தோசை போடுவதற்காகவா? மொழியும் வரலாறும் ஒரு பல்கலைக்கழகத்தில் நிலைத்திருக்க வேண்டுமென்றால் அங்கே அதற்கென்று ஒரு பேராசிரியர் இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்ததால்தானே உலகம் முழுவதும் உண்டியல் ஏந்தினோம்? தொப்பிகளைத் திருப்பிக் கொடுத்த அந்த மாணவியும் அதைத்தான் கேட்கிறார். எங்கள் வளாகத்தில் சிக்கானோ (மெக்சிக்க அமெரிக்க) ஆய்வுத் துறையில் ஓய்வுபெற்ற பேராசிரியரின் இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. அதற்குப் பணம் இல்லை, மீசைக்கு இருக்கிறது. பந்தியில் முதல் இலை போட்டு உபசரித்துவிட்டுப் பாகப்பிரிவினையில் பெயரை விட்டுவிடும் பங்காளியின் தந்திரம் இது. இளங்கலை மாணவர்களில் 25 சதவீதத்தினராவது ஹிஸ்பானியராக இருக்கும் கல்வி நிறுவனங்களுக்கென்று மத்திய அரசின் சட்டத்தில் ஒரு தகுதி இருக்கிறது. அந்தத் தகுதியைக் காட்டி நிதிக்கு விண்ணப்பித்தபோது இந்தப் பிள்ளைகளின் தலைகளை எண்ணத் தெரிந்த நிர்வாகத்துக்கு, விழா நடத்துமுன் அவர்களில் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

"விழாவாவது நடக்கிறதே, டெக்சாஸில் என்ன நிலைமை என்று தெரியுமா?" என்று கேட்பவர்களுக்கு: தெரியும். 2024 ஜனவரியில் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டத்தால் அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்மைத்துவ அலுவலகங்கள் மூடப்பட்டன. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் பன்பண்பாட்டு மையமே மூடப்பட்டது. அதனால் இங்கே கிடைத்த மீசையை ஒட்டிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டுமா? தகுதி, திறமை, இனத்துக்கொரு மாதம் எதற்கு என்று எழுதியவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கனடாவில் ஜனவரி மாதம் தமிழ் மரபுத் திங்கள் என்று வாழ்த்துப் படம் அனுப்புபவர்கள் அவர்கள்.

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒரு மாணவர்தான் எழுதியிருந்தார்: ஹிஸ்பானியம் என்பதே ஸ்பெயினின் ஆதிக்கம் விட்டுச்சென்ற அடையாளம், மெக்சிக்கோவின் ஒஹாக்காவிலிருந்து வந்து இந்தப் பள்ளத்தாக்கின் வயல்களில் வேலை செய்யும் மிஸ்டெக் பழங்குடி மக்களுக்கு ஸ்பானியமே இரண்டாவது மொழி, அவர்களை இந்த மாதம் எங்கே வைக்கிறது என்று. உண்மைதான். லத்தீனோ என்பதா, பாலினம் சுட்டாத லத்தீனெக்ஸ் என்பதா என்ற விவாதத்தைப் போல இதையும் அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். அதைப் பேசுவதற்குத்தான் ஒரு துறையும் ஒரு வகுப்பறையும் வேண்டும் என்கிறேன்.

ஆனால் என்னை உண்மையில் காயப்படுத்தியது தொப்பி பற்றிய கேலி அல்ல. "நாம் முறைப்படி வரிசையில் நின்று வந்தவர்கள், அவர்கள் வேலி தாண்டி வந்தவர்கள்" என்ற அந்த ஒரு வரி. எழுதியவர் படித்தவர், வயதில் என்னைவிடப் பெரியவர், அண்ணன் என்றுதான் அழைப்பேன்.

அண்ணா, அந்த வரிசை எப்போது திறந்தது? 1965 அக்டோபர் 3ஆம் தேதி ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தால். அதுவரை ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இந்தியருக்கு இடமிருந்தது. நமக்குக் கதவைத் திறந்த அதே சட்டம்தான், அதுவரை எண்ணிக்கை வரம்பே இல்லாதிருந்த மேற்கு அரைக்கோள நாடுகளுக்கு முதன்முறையாக ஆண்டுக்கு 1,20,000 பேர் என்ற உச்சவரம்பைப் போட்டது. அது 1968இல் நடைமுறைக்கு வந்தது. 1942 முதல் 1964 வரை, வயல் வேலைக்கு ஆள் போதவில்லை என்று அமெரிக்க அரசே ஒப்பந்தம் போட்டு மெக்சிக்கத் தொழிலாளர்களை வரவழைத்தது. ஒப்பந்தம் முடிந்தது, வரம்பு வந்தது, வேலை மட்டும் அங்கேயே இருந்தது. அதே ஆள், அதே வயல், அதே திராட்சை. நேற்றுவரை தொழிலாளி, இன்று சட்டவிரோதி. அந்தக் கதவை நமக்காகத் தள்ளித் திறந்த கறுப்பின மக்களின் குடிமை உரிமை இயக்கத்தின் காலத்தில்தான், எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத டெலானோவில், 1965 செப்டம்பர் 8ஆம் தேதி ஃபிலிப்பினோத் தொழிலாளர்கள் லாரி இட்லியோங் தலைமையில் திராட்சை பறிக்க மறுத்து அமர்ந்தார்கள். மெக்சிக்கத் தொழிலாளர்களின் சங்கம் தங்கள் விடுதலை நாளான செப்டம்பர் 16ஆம் தேதி ஒரு தேவாலயத்தில் கூடி அவர்களோடு சேர முடிவெடுத்தது. யார் வேலி தாண்டியவர் என்று அவர்கள் பார்க்கவில்லை.

நான் வேலை செய்யும் நூலகத்தில் மாலையில் துப்புரவுப் பணிக்கு வருகிற அம்மாவின் சொந்த ஊர் மெக்சிக்கோவின் மிச்சோவகான். அவருடைய மகள் இங்கேதான் உயிரியல் படிக்கிறாள். விழா நடந்த அன்று அந்த அம்மாவுக்குக் கூடுதல் நேரப் பணி, எதற்கென்றால் விழா முடிந்த பிறகு காகிதத் தட்டுகளை அள்ளுவதற்கு. யாருடைய மரபைக் கொண்டாடினார்களோ அவரிடம் குப்பைப் பையைக் கொடுத்தார்கள். இதைச் சொன்னதற்கும் "உணர்ச்சிவசப்படாதே, அது அவர் வேலை" என்று பதில் வந்தது. வேலைதான். ஆனால், அதே கட்டடத்தில் அவர் மகள் கற்க விரும்பும் வரலாற்றுக்கு ஆசிரியர் இல்லை என்பது யாருடைய வேலை?

இந்தப் பதிவை நீக்கச் சொல்லி உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு, நீக்க மாட்டேன். "ஊர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே" என்றவர்களுக்கு, இந்த ஊரில்தான் வரி கட்டுகிறேன். வியாழக்கிழமை மாலை நூலகத்தின் கீழ்த்தளத்தில் மாணவர்கள் தாங்களே ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். நிரப்பப்படாத அந்தப் பேராசிரியர் இடத்தைப் பற்றிப் பேசப் போகிறார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம், நான் போகிறேன். டாக்கோ கிடையாது என்பதை மட்டும் நம்மவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.