மரத்தில் தீட்டிய வண்ணத்துக்கும் ஒரு கை உண்டு

மறுமலர்ச்சிக் காலச் சிற்பம் என்றாலே நம் மனதில் வெள்ளைப் பளிங்குதான் வருகிறது. மைக்கலாஞ்சலோவின் டேவிட், பியத்தா, அவ்வளவுதான். ஆனால் அதே இத்தாலியில் கோயில் கோயிலாக, மக்கள் முழந்தாளிட்டு வேண்டியது வண்ணம் தீட்டிய மரச் சுரூபங்களின் முன்னாலும்தான். கலை வரலாறு பேசும்போது அவற்றை இரண்டாம் வரிசைக்குத் தள்ளுவதும், பேசினாலும் உளி பிடித்தவரை மட்டும் பேசுவதும் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அந்த வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். மரம் வெடிக்காமல் இருக்கப் பின்புறத்தைக் குடைவார்கள். இணைப்புகளின் மேல் துணி ஒட்டுவார்கள். அப்புறம் ஜிப்சத்தை விலங்குத் தோலில் காய்ச்சிய பசையில் குழைத்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்ப்பார்கள். பொன் வர வேண்டிய இடத்தில் செம்மண் பூச்சு, அதன்மேல் தங்க ரேக்கு, மெருகு. கடைசியில் முகத்துக்கும் கைக்கும் சதை நிறம். அந்த வெண்பூச்சு உளி விட்ட கூர்மையை மழுக்கிவிடும். இமையின் விளிம்பும் நெற்றிச் சுருக்கமும் கடைசியாக உருவாவது வண்ணக்காரர் கையில்தான். இத்தாலியின் சான் ஜிமிஞ்ஞானோ ஊரில் உள்ள மங்கள வார்த்தைச் சுரூபங்களை (மரியாளுக்கு வானதூதர் செய்தி சொல்லும் காட்சி) யாகோப்போ தெல்லா குவெர்ச்சா 1421இல் செதுக்கினார். 1426இல் வண்ணம் தீட்டியவர் மார்ட்டினோ தி பார்தொலொமேயோ. இந்த இரண்டாவது பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

இத்தாலியச் சிற்பி தொனத்தெல்லோவின் மகதலா மரியாவை, பாவ வாழ்வை விட்டுத் தவம் புரிந்ததாகச் சொல்லப்படும் அந்தப் புனிதையின் சிலையை, எடுத்துக்கொள்ளுங்கள். பாப்லர் மரம், 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஒட்டிய கன்னம், குழி விழுந்த கண், உடலையே போர்த்திய கூந்தல். நெடுங்காலம் அவள் முழுக்கப் பழுப்பாகத்தான் இருந்தாள். அந்த இருட்டையே தவத்தின் நிறமாக எண்ணி ரசித்தார்கள். 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு புளோரன்ஸுக்குள் புகுந்தபோது, ஞானஸ்நானக் கோயிலில் இருந்த அவளும் நனைந்தாள். சீரமைப்பில் அந்தப் பழுப்பு பிற்காலப் பூச்சு என்று தெரிந்தது. அடியில் வெயிலில் காய்ந்த மனிதத் தோல், கூந்தலில் பொன் கீற்றுகள்! பசித்து வற்றிய உடம்பின்மேல் அந்தப் பொன் இருப்பதால்தான் அவள் வெறும் துயர உருவமாக நின்றுவிடாமல் மீட்கப்பட்டவளாகத் தெரிகிறாள். பொன்னை மறைத்ததும் பொருளே மாறியிருக்கிறது. பாதுவா நகரின் செர்வி கோயிலில் உள்ள தொனத்தெல்லோவின் பாடுபட்ட சுரூபத்துக்கும் (சிலுவையில் அறையப்பட்ட இயேசு) இதே கதிதான். மரத்தை வெண்கலம் போலக் காட்ட மேலே பூசிவிட்டார்கள்.

வண்ணமே வேண்டாம் என்ற சிற்பிகளும் அன்று இருந்தார்களே என்பீர்கள். சரி, ஜெர்மனியில் ரீமன்ஷ்னைடர் இருந்தார். ம்யூனர்ஸ்டாட் ஊர்க் கோயிலுக்கு அவர் 1492இல் முடித்த பலிபீடச் சிற்பத் தொகுதி வண்ணம் இல்லாத மரம்தான், அபாரமான வேலை. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதற்கும் வண்ணம் ஏறியது. தீட்டியவர் ஃபைட் ஷ்டோஸ், போலந்தின் க்ராக்கோ நகரில் மாபெரும் பலிபீடச் சிற்பங்களைச் செதுக்கிய அதே சிற்பி. நியூரம்பர்க்கை விட்டு ஒதுங்கியிருந்த கஷ்ட காலத்தில் அவர் ஏற்ற வேலைதான். ஆனாலும் அப்பேர்ப்பட்ட கை தொட்ட தொழிலை வெறும் மேல்பூச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.